அம்மாவின் நம்பர்

ஜெயலெட்சுமியின் வெற்றிலைப் பையைச் சவப்பெட்டிக்குள் வைத்தது அவள் கணவர் முருகையாதான். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் யார் இறந்தாலும், அவர் கையோடு வைத்திருந்த சாமானை அவரோடு அனுப்பிவிடுவார்கள். மூக்குக் கண்ணாடி, கைத்தடி, சுருட்டு டப்பா, எதுவானாலும். இறந்தவரின் பையைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை. கொழுந்து பறிக்கும்போதுகூட அவள் இடுப்பில் செருகியிருந்த அந்தச் சிவப்புச் சுருக்குப் பையை முருகையா இரண்டு கைகளாலும் தூக்கி, அவளுடைய வலது கைப் பக்கமாக வைத்தார். பெண்கள் ஒருமுறை குரலெடுத்து அழுதார்கள். பிறகு மூடியை வைத்து ஆணி அறைந்தார்கள்.

பைக்குள் பாக்கும் சுண்ணாம்பு டப்பாவும் இருந்தன. அவற்றோடு, மழை படாமல் பொலித்தீன் சுற்றிய ஒரு பட்டன் போனும் இருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்த நாட்களிலேயே அதில் சார்ஜ் இறங்கிவிட்டது. அதனால் அது எந்தச் சத்தமும் போடவில்லை.

மூன்றாம் நாள் குழிக்குப் பால் ஊற்றப் போனார்கள். மயானம் தோட்டத்தின் உச்சியில், கடைசித் தேயிலை வரிசைக்கு மேலே இருக்கிறது. அங்கே நமுனுகுலை மலையிலிருந்து எப்போதும் காற்று வரும், சிக்னலும் நன்றாக வரும். இந்தத் தோட்டத்தில் செத்தவர்களுக்குத்தான் நல்ல சிக்னல் என்று இளவட்டங்கள் கேலி பேசுவார்கள். கோவில் தலைவர் வீரய்யா பால் செம்பைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது, மகன் ஜீவனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் அவன் டேட்டா போட மறந்திருந்தான். அன்று காலையில்தான் போட்டிருந்தான். தேங்கிக் கிடந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவற்றில் ஒன்று குவைத்திலிருந்து வந்த குரல். அங்கே வீட்டு வேலைக்குப் போயிருந்த அவன் தங்கை ஜெயந்தினியுடையது.

அவன் கொஞ்சம் விலகிப் போய் அதைக் காதில் வைத்தான்.

“அண்ணே, மெதுவாத்தான் பேசுறேன். நாளைக்கு என்னைய வேற வீட்டுக்கு அனுப்புறாங்க. மேடத்தோட அக்கா வீடாம். அங்க போன் வச்சிருக்க வுட மாட்டாங்களாம். இப்பவே வாங்கிருவாங்க போலருக்கு. அம்மா போன் ஏன் ஓஃப்ல கெடக்கு? சார்ஜ் போடச் சொல்லு. யாராச்சும் நல்லவங்க போன் கெடைச்சா அதுக்குத்தான் அடிப்பேன். எனக்கு அது ஒன்னுதானே பாடம். ஒன் நம்பரு மனசுல நிக்க மாட்டேங்குது. கோவிச்சுக்காத.”

கடைசியில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. செய்தி ஒரு வாரத்துக்கு முந்தியது. அம்மா சாகும் முன்பே அனுப்பியது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதைக்கூட அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. “புள்ள அங்க தனியா கெடந்து அழும், சொல்லாத” என்று அம்மாவே தடுத்திருந்தாள்.

ஜீவன் திரும்ப அழைத்தான். மணி போகவில்லை. அம்மா இறந்த அன்று அவன் எழுதியிருந்த வாட்ஸ்அப் செய்தி இப்போதுதான் போனது, அதுவும் அவளுக்குச் சேராமல் ஒற்றை டிக்கோடு நின்றது.

ஜெயந்தினியின் போனை ஆயத்தம் செய்து கொடுத்தது அவன்தான். பதுளை பஜாரில் எலெக்ட்ரிக் சாமான் கடையில் வேலை செய்கிறவன், போனைப் பற்றி நாலு விஷயம் தெரிந்தவன். பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாம் சொன்னான். ரோமிங்கை நிறுத்தி வைத்தான். நம் ஊர் சிம் அங்கே போய்த் தானாக வேலை செய்தால், ஒரு பாட்டுக் கேட்டு முடிவதற்குள் உள்ள காசெல்லாம் போய்விடும். அங்கே போனதும் அந்த ஊர் சிம் எடுத்துக்கொள். வீட்டில் வைஃபை இருந்தால் வாட்ஸ்அப்பில் பேசு, செலவில்லை. விமான நிலையத்தில் சும்மா கிடைக்கிற வைஃபையில் பேங்க் விஷயம் எதையும் திறக்காதே. பேங்க் அனுப்புகிற இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லாதே, நான் கேட்டாலும் சொல்லாதே.

“நீ கேட்டா கட்டாயம் சொல்ல மாட்டேன்” என்று அவள் சிரித்தாள்.

போன் தொலைந்தால் உதவும் என்று முக்கியமான நம்பர்களையெல்லாம் ஒரு சின்னத் தாளில் எழுதி, எங்கும் போகாது என்ற நம்பிக்கையில் போனுக்கும் அதன் உறைக்கும் நடுவில் வைத்துக் கொடுத்தான். மனப்பாடமும் செய்துகொள் என்று வற்புறுத்தினான்.

“அம்மா நம்பரு எனக்கு நித்திரையிலயும் தெரியும். இந்த லயத்துக்கே அதுதானே நம்பரு. அது போதும் போ.”

அது உண்மை. வரிசை வீடுகளான அந்த லயத்தில் முதலில் போன் வந்தது ஜெயலெட்சுமியிடம். பள்ளிக்கூடத்தில் கொடுத்த நம்பரும் அதுதான், பக்கத்து வீடுகளுக்கு வந்த கலியாணச் சேதிகளும் கேதச் சேதிகளும் அதில்தான் வந்தன. அம்மாவும் மகளும் அதில் பேசிக்கொண்டதைவிட மிஸ் கோல் கொடுத்துக்கொண்டதே அதிகம். ஜெயந்தினி பதுளையில் வேலை செய்த காலத்தில், பஸ் ஏறியதும் ஒரு மணி அடித்து நிறுத்துவாள். மலையில் கொழுந்துக் கூடையோடு நிற்கும் அம்மாவின் இடுப்பில் பை ஒருமுறை துடிக்கும். “ஏறிட்டா” என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த செடிக்குப் போவாள்.

இப்போது ஜீவன் மெதுவாகத் திரும்பி வந்தான். பால் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அப்பா, அம்மா போன் எங்க?”

முருகையா அவனைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தார்.

“அவ பையிலதானே வச்சிருப்பா” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே விளங்கியது.

ஜீவன் அந்தக் குரலை எல்லோருக்கும் போட்டுக் காட்டினான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும் முருகையா எழுந்து, குழி வெட்டியவர்கள் மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த மம்பட்டியை எடுத்தார். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியே காலம் போன கை அது, விரல்கள் ஒன்றும் முழுதாக நிமிராது. ஆனால் மம்பட்டிப் பிடி அந்த வளைவுக்குள் சரியாகப் போய் உட்கார்ந்தது.

“மாமா, என்னா செய்யப் போறீங்க?” என்றார் வீரய்யா.

“தள்ளு.”

“பாலு ஊத்துன ஈரங்கூட காயல மாமா.”

“எம் பொண்டாட்டிதானே. அவ கோவிச்சுக்க மாட்டா.”

“அவ கோவிக்க மாட்டா. ஆனா தோண்டி எடுத்துட்டுத் திரும்ப மூடுனா, அது ரெண்டாவது சாவு. ஊருல ஒருத்தனும் ஒங்க வீட்டுப் படி ஏற மாட்டான். யோசிச்சுப் பாருங்க.”

“எம்மவ கூப்புடுவாய்யா. கூப்புட்டா யாரு எடுக்குறது? இவளா எடுப்பா?” முருகையா மம்பட்டியால் குழியைக் காட்டினார். அவர் குரல் உடைந்தது. அதுவரை அவர் அழுதிருக்கவில்லை.

ஜீவன் மம்பட்டியின் பிடியில் தன் கையையும் வைத்தான்.

“அப்பா, நம்பரு மண்ணுக்குள்ள இல்லப்பா. கம்பனியில இருக்கு. அந்த சிம்முங்கறது சும்மா ஒரு தகடு. போய்க் கேட்டா அதே நம்பர வேற தகட்டுல போட்டுக் குடுப்பாங்க.”

“அப்ப அவகிட்ட இருக்கறது?”

“புதுசு எடுத்தா அது வேலை செய்யாது.”

முருகையா வெகுநேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மம்பட்டியை விட்டார்.

“நெசமாத்தான் சொல்றியா? என்னைய இங்கருந்து எறக்குறதுக்குச் சொல்லலியே?”

“நெசம்ப்பா.”

பதுளைக்குப் போகும் வழியில் ஜீவன், அவளை அனுப்பிய கொழும்பு ஏஜென்சிக்கு அடித்தான். “ஆள் நல்லாத்தான் இருக்கு, வேலையில இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களுக்காக முறைப்பாடு எடுக்கும் இடத்துக்கும் அடித்தான், அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது இருக்கிற வீட்டின் விலாசம் என்ன என்று கேட்டார்கள். அது யாருக்கும் தெரியாது. அவள் கூப்பிட்டுச் சொன்னால்தான் தெரியும். அவள் கூப்பிட ஒரு நம்பர்தான் இருந்தது.

பதுளையில் போன் கம்பனியின் அலுவலகத்தில், நிசாந்தினி என்ற யாழ்ப்பாணத்துப் பெண் மேசைக்குப் பின்னால் இருந்தாள். கதையைக் கேட்டதும் அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அடக்கம் செய்த பைக்குள் சிம் என்பது அவள் இதுவரை கேட்காத காரணமாக இருந்திருக்க வேண்டும். மரணச் சான்றிதழை வாங்கிப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

“ஐயா, இந்த நம்பர் உங்கட மனுசியின்ர பேரில இல்லை.”

“அவ நம்பருதாம்மா” என்றார் முருகையா.

“பாவிச்சது அவாவா இருக்கலாம். பதிஞ்சது வேற ஆளின்ர பேரில. அந்த ஆள் அடையாள அட்டையோட நேர வந்தா உடன தருவன். இல்லாட்டி எனக்குத் தர ஏலாது.”

“யாரு பேருல இருக்கு மிஸ்?” என்றான் ஜீவன்.

“அதைச் சொன்னா என்னை வீட்டுக்கு அனுப்பிப் போடுவினம்.”

முருகையா மேசை விளிம்பைப் பிடித்தபடி யோசித்தார். ஜெயலெட்சுமி பிறந்த தோட்டம் லுணுகலைப் பக்கம். சிம் வாங்கிய காலத்தில் அவளிடம் அடையாள அட்டையே இல்லை. பிறப்புப் பத்திரம் கிடைக்காமல் வெகுகாலம் அதற்காக அலைந்தாள். அவளுடைய தாய்வீட்டுக்காரர்கள் சாமான் வாங்குகிற கடை ஒன்று லுணுகலையில் இருந்தது.

“ரஹ்மத்தும்மா” என்றார் அவர்.

நிசாந்தினி திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “சரியெண்டும் நான் சொல்ல ஏலாது, பிழையெண்டும் சொல்லேல்லை. பின்னேரம் பூட்டுறதுக்கு முதல் வந்தா இண்டைக்கே செய்யலாம்.”

தகப்பனும் மகனும் பசறை வழியாக லுணுகலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். வளைவுகளில் பனி பஸ்ஸுக்குள் வந்து போயிற்று. எங்கேயோ ஒரு வீட்டின் சமையலறையில், முகவரி இல்லாத ஒரு கதவுக்குப் பின்னால், தங்கை பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பதை ஜீவன் நினைத்துப் பார்த்தான். உலகம் முழுதும் கோடிக்கணக்கான நம்பர்கள், அத்தனையிலும் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் இப்போது யாருக்கும் கேட்காத இடத்தில் இருந்தது.

ரஹ்மத்தும்மா கடையை மகன் முஸ்தாக்கிடம் விட்டுவிட்டுப் பின்னால் உள்ள வீட்டில் இருந்தாள். முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள், சேதியைக் கேட்டதும் கையை அப்படியே வைத்துக்கொண்டாள்.

“லெச்சுமி மவுத்தாப் போயிட்டாவா? எனக்கு ஒரு ஆளும் செல்லல்லையே மகன். போன பெருநாளைக்கும் எனக்கு மிஸ் கோல் அடிச்சவ.”

ஜீவன் வந்த காரியத்தைச் சொன்னான். முஸ்தாக் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

“உம்மா, நீங்க உங்கட ஐசி கார்டக் குடுத்து சிம் எடுத்துக் குடுத்தீங்களா? எத்தின பேருக்கு இப்பிடிக் குடுத்தீங்க?”

“கேட்ட ஆக்களுக்கெல்லாம் குடுத்தன். அந்த நேரம் அவங்களுக்குக் கார்டு இல்ல. அதுக்கு என்னத்தச் செய்ய?”

“இந்தக் காலத்துல அது கழுத்த நீட்டுற மாதிரி. அந்த சிம்முல எவனாவது ஒருத்தன ஏமாத்தினா பொலிஸ் எங்கட வீட்டுக்குத்தான் வரும்.” அவன் ஜீவனைப் பார்த்தான். “தம்பி, கோவிக்காதீங்க. நீங்க யாருண்டு எனக்குத் தெரியாது. செத்த ஆள்ற நம்பர எடுத்துப் பேங்க்ல விளையாடுற ஆக்களும் இருக்காங்க.”

அவன் சொன்னதில் தப்பில்லை என்று ஜீவனுக்குத் தெரிந்தது. கடையில் வாடிக்கையாளர்களுக்கு அவனே சொல்கிற புத்திதான் அது. போனை எடுத்து, தங்கையின் குரலை மறுபடியும் போட்டான். கதவு சாத்தும் சத்தம் வரை நாலு பேரும் கேட்டார்கள்.

ரஹ்மத்தும்மா சுவரைப் பிடித்து எழுந்தாள்.

“முஸ்தாக், த்ரீவீலரைக் கொண்டா.”

“உம்மா, முழங்கால்...”

“முழங்கால் என்ட. நம்பர் அந்தப் புள்ளட. அங்க போய் என்ட பேர வெட்டிப்போட்டு இவர்ட பேருக்கு மாத்திக் குடுப்பம். பொறகு பொலிஸ் வந்தா இவர்ட வீட்டுக்கு வரட்டும்.”

முஸ்தாக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப சரி” என்றபடி சாவியை எடுத்தான்.

அலுவலகம் மூடுவதற்குக் கொஞ்சம் முன்பு வேலை முடிந்தது. நிசாந்தினி நகத்தளவு தகட்டை ஜீவனின் கையில் வைத்தாள். முருகையா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவ்வளவு சின்னதை நம்புவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

“இன்னொரு விசயம்” என்றாள் நிசாந்தினி. “தெரியாத வெளிநாட்டு நம்பரில இருந்து ஒருக்கா மணி அடிச்சு நிண்டா, திருப்பி எடுக்காதேங்கோ. அது ஏமாத்துக்காரர். நீங்கள் எடுத்தா அங்கால பாட்டுப் போட்டுக் காசை உறிஞ்சிப் போடுவினம்.”

“எங்க தங்கச்சியும் அப்பிடித்தான் மிஸ் அடிக்கும்” என்றான் ஜீவன். “அடுத்தவங்க போன்ல இருந்து. அவங்க காசு போகக் கூடாதுன்னு ஒரு மணியில கட் பண்ணிரும். அதுதான் பழக்கம்.”

நிசாந்தினி ஒரு துண்டுத் தாளில் மூன்று இலக்கங்களை எழுதிக் கொடுத்தாள். “குவைத் எண்டா 965 எண்டு தொடங்கும். அதைப் பாருங்கோ. ஆனா, வாற கோலை எடுக்கிறதுக்கு உங்களுக்குக் காசு இல்லை. அடிச்ச உடன எடுத்தா ஒரு பிரச்சினையும் இல்லை.”

அன்றிலிருந்து அடித்தவுடன் எடுப்பதுதான் முருகையாவின் வேலையாயிற்று. ஜீவன் இன்னொரு பட்டன் போன் வாங்கி வந்து சிம்மைப் போட்டான். லயத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால், முருகையா விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கொம்பு ஊதும்போதே கிளம்பி மேலே மயானத்துக்குப் போய்விடுவார். குழிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். மழை வந்தால் கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொள்வார். கீழே மலையில் நிற்கும் பெண்கள் தேநீர் நேரத்தில் ரொட்டி கொண்டுவந்து கொடுத்து, “அண்ணே, புள்ள அடிச்சிச்சா?” என்று கேட்பார்கள்.

பின்னேரங்களில் ஜீவன் பக்கத்தில் நின்றுகொண்டு தன் போனிலிருந்து அடிப்பான். நிமிராத விரல் பச்சைப் பட்டனைத் தேடிப் போய்ச் சேர்வதற்குள் மணி நின்றுவிடும்.

“மறுபடியும் அடி” என்பார் முருகையா.

எடுத்ததும் என்ன சொல்வது என்பதையும் பழகினார்கள். எந்த நேரத்தில் யார் வந்து பிடுங்குவார்கள் என்று தெரியாது. முதலில் இடத்தின் பெயர். பிறகு புளொக், தெரு, வீடு. பிறகு இந்த போன் யாருடையது, அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதலாமா.

“அம்மா கதைய?” என்று கேட்டார் முருகையா.

“அத மொதல்ல சொல்லாதீங்கப்பா. சொன்னா அது அழும். அழுதா விலாசம் கெடைக்காது. வீட்டுக்கு வந்த பொறகு சொல்லலாம்.”

“அம்மாகிட்ட குடுன்னு கேட்டா?”

ஜீவன் கீழே தேயிலை மலையைப் பார்த்தான். “மலைக்குப் போயிருக்குன்னு சொல்லுங்க” என்றான்.

முருகையா குழியைத் திரும்பிப் பார்த்தார். “மலையிலதான் இருக்கா” என்று முணுமுணுத்தார்.

ஒரு நாள் ஜீவன் கடையில் இருந்தபோது அந்தப் போன் ஒருமுறை அடித்து நின்றது. நீண்ட வெளிநாட்டு நம்பர், ஆனால் 965 இல்லை. முருகையாவுக்கு மூன்று இலக்கங்களையும் பார்க்கத் தெரியும். பார்த்தார். அல்ல என்று தெரிந்தும் வெகுநேரம் யோசித்தார். பிறகு பச்சைப் பட்டனை அழுத்தித் திருப்பி அடித்தார்.

பின்னேரம் ஜீவன் வந்தபோது ரீலோட் போட்ட காசு முழுதும் போயிருந்தது.

“சொன்னேன்ல அப்பா. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல!”

“அவள வேற நாட்டுக்குக் கொண்டு போயிருந்தா?” என்றார் முருகையா. “பாட்டுப் போச்சுடா. நல்ல பாட்டு, பாஷை தெரியல. பாட்டு முடிஞ்சதும் வந்து பேசுவான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.”

ஜீவன் தகப்பனாரின் கையிலிருந்து போனை வாங்கி, திரையைச் சட்டையில் துடைத்து, மறுபடியும் அவர் கழுத்தில் மாட்டிவிட்டான்.

பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. குழி மேட்டில் புல் முளைத்தது. வீரய்யா சில நாட்களில் மேலே வந்து முருகையாவோடு உட்கார்ந்துவிட்டுப் போவார். தோண்ட வேண்டாம் என்று தான் தடுத்தது சரிதானா என்ற கேள்வி அவருக்குள் இருந்ததுபோல் தோன்றியது. அவர் அதைக் கேட்கவில்லை.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கடை மூடியிருந்ததால் ஜீவனும் அன்று மேலே இருந்தான். மழை விட்டு வெயில் வந்திருந்தது. முருகையா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்பு விரல் நுனியில் இருக்கும்போதே போன் அடித்தது. அவர் குனிந்து பார்க்கக்கூட இல்லை. பழகிய விரல் நேராகப் பச்சைப் பட்டனில் போய் விழுந்தது. பட்டனில் சுண்ணாம்பு அப்பியது.

அவர் எடுப்பார் என்று எதிர்பாராத குரல், நிறுத்துவதற்கு ஆயத்தமாக இருந்த குரல், ஒரு கணம் தடுமாறியது.

“அம்மா?”

“நான் அப்பா பேசுறேன். கட் பண்ணிராத. இடத்துப் பேரு சொல்லு.”

மறுபக்கம் எதுவும் கேட்கவில்லை. ஜீவன் பேனாவைத் திறந்து, தாள் இல்லாததால் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினான். ஒலிபெருக்கிப் பட்டனை அழுத்தினான்.

“இடத்துப் பேரு சொல்லும்மா. புளொக், தெரு, வீடு. எல்லாம் சொல்லு. அண்ணன் பக்கத்துல நிக்கிறான்.”

ஜெயந்தினி சொன்னாள். தாழ்ந்த குரலில், வரிசையாகச் சொன்னாள். குப்பை போட வெளியே விடுகிறபோது வாசல்களின் பலகைகளைப் பார்த்து அவளும் இதையெல்லாம் பாடமாக்கி வைத்திருக்கிறாள் என்பது கேட்கும்போதே தெரிந்தது. முருகையா ஒவ்வொரு சொல்லையும் உரக்கத் திருப்பிச் சொன்னார். அரபுப் பெயர் அவர் வாயில் உடைந்தது. அவள் மறுபடி சொன்னாள். ஜீவன் கையில் எழுதினான்.

“இது யாரு போனு?”

“பக்கத்து வீட்டுல வேலை செய்ற அக்கா. நேபாளம். குப்பை போட வந்தேன். அக்கா நம்பருக்கு அண்ணனை எழுதச் சொல்லுங்க, லொக்கேசன் அனுப்புவாங்க. எனக்குச் சாப்பாடு குடுக்குறாங்க. அடிக்க இல்ல. ஆனா கதவு பூட்டிருவாங்க. சம்பளமும் இல்ல. நான் வீட்டுக்கு வரணும்ப்பா.”

“வந்துருவ. கையில எழுதியாச்சு. நாளைக்கே அண்ணன் கொண்டு போய்க் குடுப்பான்.”

பழகிய கேள்விகள் முடிந்துவிட்டன. முருகையா மகனைப் பார்த்தார். அடுத்தது என்ன என்று கேட்பது போலப் பார்த்தார். ஜீவன் உதட்டில் விரலை வைத்துத் தலையை அசைத்தான்.

“அப்பா” என்றாள் ஜெயந்தினி.

“ம்.”

“அம்மா எப்பப்பா?”

கீழே மலையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். போயா நாளில் மலையில் யாருக்கு என்ன வேலை என்று ஜீவன் காரணமில்லாமல் நினைத்தான். இத்தனை வருஷங்களில் அந்த நம்பரை அம்மாவைத் தவிர வேறு யாரும் எடுத்ததே இல்லை. லயம் முழுதுக்கும் வந்த கோல்களைக்கூட அம்மாதான் எடுத்து, உரியவர்களைக் கூப்பிட்டுக் கொடுப்பாள். தகப்பனாரின் குரல் கேட்ட அந்த முதல் கணத்திலேயே, அம்மா இல்லை என்று தங்கைக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தபடியேதான் புளொக்கும் தெருவும் வீடும் சொல்லியிருக்கிறாள்.

மலைக்குப் போயிருக்கு என்று முருகையா சொல்லவில்லை.

“போன மாசம்மா” என்றார். “நெஞ்சு வலின்னா. ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தோம். முடியல. நீ வாங்கி அனுப்புன மஞ்சப் பொடவ கட்டித்தான் அனுப்புனோம். வெத்தலைப் பையும் வச்சேன். போனு உள்ள இருந்தது தெரியல. தெரியாம வச்சுட்டேன்.”

முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. வாயைக் கையால் அடைத்துக்கொண்டு அழுகிற அழுகை, அவளைப் பூட்டி வைக்கிற வீட்டுக்குள் கேட்டுவிடாமல் இருக்க. முருகையா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டார், பிறகு காதில் வைத்தார். எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அழுகைக்கு நடுவே இன்னொரு பெண்ணின் குரல் கேட்டது. தெரியாத பாஷை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, குழந்தையிடம் சொல்வது போல மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜீவன் கையிலிருந்த மை வியர்வையில் கலைவதற்குள் தன் போனால் அதைப் படமெடுத்தான். திரையில் நிமிடங்கள் ஏறிக்கொண்டிருந்தன. முகம் தெரியாத அந்தப் பெண்ணின் காசு அவ்வளவு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. வழக்கப்படி ஒரு மணியோடு முடிந்திருக்க வேண்டிய கோல். அவள் அதை நிறுத்தவில்லை.

முருகையா குழிமேட்டில் ஒரு கையை ஊன்றி உட்கார்ந்தார். மறுகையால் போனைப் பிடித்திருந்தார்.

“அழும்மா” என்றார். “நான் இங்கதான் இருக்கேன். நான் எடுப்பேன்.”